ஷெல் நிரல்களில் கடவுச்சொல் காப்பு: கசியும் வழிகளும் காக்கும் முறைகளும்

முன்னுரை

பலர் பயன்படுத்தும் வழங்கியில் இலக்கியத் தரவகம் ஒன்றை அமைப்போர், அதனை நாள்தோறும் படியெடுத்துக் காக்க ஷெல் நிரல் எழுதுவது வழக்கம். மனிதர் அருகில் இல்லாத வேளையிலும் அந்நிரல் தரவுத்தளத்தினுள் நுழைய வேண்டியிருப்பதால், கடவுச்சொல் அதற்குக் கிடைக்க வேண்டும். அச்சொல் கசிந்தால் ஏற்படும் இழப்பு தரவுத் திருட்டோடு நிற்பதில்லை. மூலபாடத்தில் ஓரெழுத்து மாற்றப்பட்டாலும், அது பிழையென அறியப்படாமலே பாடவேறுபாடாக ஆய்வுகளில் இடம்பெறக்கூடும். கடவுச்சொல் கசியும் வழிகளையும் அவற்றை அடைக்கும் முறைகளையும் லினக்ஸ் இயங்குதளத்தை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

கசியும் வழிகள்

1960களில் எம்.ஐ.டி. நிறுவனத்தின் சி.டி.எஸ்.எஸ். கணினியில், மேலாளர் இருவர் ஒரே வேளையில் இரு கோப்புகளைத் திருத்தியபோது தற்காலிகக் கோப்புகள் இடம்மாறின. அதனால், உள்நுழைந்த ஒவ்வொருவரது முனையத்திலும் அன்றைய அறிவிப்புக்கு மாறாகக் கடவுச்சொற் பட்டியல் அச்சானது. ராபர்ட் மாரிசும் கென் தாம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரை இதனைப் பதிவுசெய்துள்ளது. எவரும் கடவுச்சொல்லை உடைக்கவில்லை. அது சென்ற வழியே அதனை வெளிப்படுத்தியது.

ஷெல் நிரலுக்கும் இது பொருந்தும். கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் எழுதினால், இயல்பான அமைப்பில் ‘பிஎஸ்’ கட்டளையின் வாயிலாகப் பிற பயனரும் அதனைக் காண இயலும். மைஎஸ்க்யூஎல் கருவி தொடங்கியவுடன் அதனை அழித்துவிடினும், இடையில் ஒரு சிறு கால இடைவெளி எஞ்சுகிறது. முனையத்தில் நேரடியாகத் தட்டச்சு செய்தால், ஷெல்லின் வரலாற்றுக் கோப்பிலும் அது பதிவாகும். பிழை காண்பதற்காக ‘செட் -எக்ஸ்’ இயக்கத்தில் இருப்பின், மாறிகளின் மதிப்புகள் விரிந்து பதிவேட்டில் சேரும். நிரலுக்குள்ளேயே எழுதிய கடவுச்சொல், கிட் களஞ்சியத்தில் ஒருமுறை சேர்ந்தபின் நீக்கப்பட்டாலும் பழைய பதிப்புகளில் நிலைத்திருக்கும். சூழல் மாறியை அதே பயனரும் தலைமைப் பயனருமே படிக்க இயலும் என்பதால் அது கட்டளை வரியினும் மேலானது. எனினும் நிரல் தொடங்கும் துணைச்செயல்களுக்கும் அது மரபுரிமையாகச் செல்கிறது.

மறைப்பும் காப்பும்

கடவுச்சொல்லை பேஸ்64 வடிவில் எழுதுவது மறைப்பே அன்றிக் காப்பன்று. திறவுகோலின்றி எவரும் அதனை மீட்கலாம். காப்பு என்பது படிக்கும் உரிமையை வரையறுப்பதாகும். கடவுச்சொல்லைத் தனிக்கோப்பில் இட்டு, அதன் அனுமதியை 600 என அமைத்தால், உரிமையாளர் மட்டுமே அதனைப் படிக்கவும் எழுதவும் இயலும். கோப்பை உருவாக்கிய பின்னர் அனுமதியைக் குறைத்தால் இடையில் அது திறந்து கிடக்கும்; எனவே ‘யூமாஸ்க் 077’ என முன்னரே அமைத்தல் வேண்டும். மைஎஸ்க்யூஎல் தனது விருப்பக் கோப்பிலிருந்தும், போஸ்ட்கிரஸ் ‘.பிஜிபாஸ்’ கோப்பிலிருந்தும் கடவுச்சொல்லை நேரடியாகப் பெறும். பிறர் அணுகுமாறு திறந்துள்ள ‘.பிஜிபாஸ்’ கோப்பைப் போஸ்ட்கிரஸ் ஏற்பதில்லை. மனிதர் உடனிருந்து இயக்கும் நிரலாயின், பேஷ் ஷெல்லின் ‘ரீட் -எஸ்’ கட்டளை திரையில் காட்டாமல் கடவுச்சொல்லைப் பெற்றுத்தரும்.

முடிவுரை

இம்முறைகள் அனைத்தையும் மேற்கொண்டாலும் தலைமைப் பயனரிடமிருந்து கடவுச்சொல்லை மறைக்க இயலாது. ஆதலின், கசிந்தாலும் கேடு குறையுமாறு உரிமையைச் சுருக்குதல் இன்றியமையாதது. படியெடுக்கும் நிரலுக்குத் தரவை மாற்றும் உரிமை வேண்டுவதில்லை. அவ்வுரிமையற்ற தனிக்கணக்கை அதற்கு அளித்தால், கடவுச்சொல் பிறர் கைக்குச் சென்றாலும் அக்கணக்கின் வழியே மூலபாடத்தில் ஓரெழுத்தும் மாறாது.