'ப்ரோன்': எதற்குச் சொல்லலாம்?


காற்றில் ஈரம் குறைந்தால், சோமனூர் விசைத்தறிகளில் பருத்திப் பாவு இழை அடிக்கடி அறுபடும். இப்படி ஒரு கெடுதல் எளிதில் நேரக்கூடிய இயல்பை ஆங்கிலத்தில் 'ப்ரோன்' என்பார்கள்.

முன்புறம் சாய்ந்த என்று பொருள்படும் 'ப்ரோனஸ்' என்ற லத்தீன் சொல்லே இதன் வேர். குப்புறப் படுத்த நிலைக்கும் 'ப்ரோன்' என்றே பெயர். கொரோனா காலத்தில் மூச்சுத் திணறிய பலரை மருத்துவர்கள் அப்படித்தான் படுக்க வைத்தார்கள்.

நோய், தவறு, விபத்து போன்றவற்றுக்கே இச்சொல் பெரும்பாலும் பொருந்தும். கெடுதலின் பெயர் பின்னால் வந்தால் 'ப்ரோன் டு' என்று சொல்ல வேண்டும். முன்னால் வந்தால் 'டு' வேண்டாம். நல்ல நாட்டத்துக்கு 'இன்க்ளைன்டு' பொருத்தம்.

நெடுஞ்சாலையில் 'ஆக்சிடென்ட் ப்ரோன் ஏரியா' என்ற பலகையைக் கண்டால், வேகத்தைக் குறையுங்கள்!