கம்பத்து நிலைமாற்றியும் எமது கிணற்று மோட்டரும்

இடம்பெயர்ந்திருந்த கமக்காரக் குடும்பம் ஒன்று தன் காணிக்குத் திரும்பியதும் முதலில் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குகிறது. அடுத்ததாக மின்சாரத்துக்கு விண்ணப்பிக்கிறது. கடன்பட்டு ஒரு மோட்டரும் வாங்குகிறது. காலையில் நன்றாக இறைக்கும் அந்த மோட்டர் மாலை ஆறு மணிக்குப் பின் முனகுகிறது. தண்ணீர் வாய்க்காலுக்கு வரவில்லை. சில கிழமைகளில் மோட்டரின் சுருள் கருகிவிடுகிறது. கூடாத மோட்டரை விற்றுவிட்டார் என்று கடைக்காரரைக் குறை சொல்கிறோம். ஆனால் பிழை மோட்டரில் இல்லாமலும் இருக்கலாம். தெருவோரக் கம்பத்தில் இருக்கும் சாம்பல் நிறப் பெட்டியையும், அங்கிருந்து எமது கிணறு வரையுள்ள தூரத்தையும் நாம் கவனிக்க வேண்டும்.

அந்தப் பெட்டியை ட்ரான்ஸ்போமர் என்கிறோம். பிள்ளைகளின் பாடநூலில் அதன் பெயர் நிலைமாற்றி. அது செய்யும் வேலையை விளங்கிக்கொண்டால் மோட்டரையும் காக்கலாம், உயிரையும் காக்கலாம்.

காசு மாற்றுவது போல

கொழும்பிலிருந்து ஒரு இலட்சம் ரூபா கொண்டுவருபவர் அதைச் சில்லறைக் காசாகச் சுமப்பதில்லை. இருபது ஐயாயிரம் ரூபாத் தாள்களாகக் கொண்டுவந்து, ஊரில் மாற்றிச் செலவழிக்கிறார். மாற்றியதால் பணத்தின் பெறுமதி கூடுவதில்லை, வடிவம்தான் மாறுகிறது.

மின்சாரமும் இவ்வாறே வருகிறது. மின்வலு என்பது அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கி வருவது. அழுத்தத்தை வோல்ற்றிலும் ஓட்டத்தை அம்பியரிலும் அளக்கிறோம். 10 கிலோவாற்று மின்வலுவை 230 வோல்ற்றில் அனுப்பினால் கம்பியில் ஏறக்குறைய 43 அம்பியர் ஓடும். அதையே 11,000 வோல்ற்றில் அனுப்பினால் ஒரு அம்பியரும் வேண்டியதில்லை. கம்பியில் வெப்பமாக வீணாகும் மின்சாரம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆகவே ஓட்டம் 48 மடங்கு குறையும்போது அதே கம்பியில் இழப்பு 2,000 மடங்குக்கு மேல் குறைகிறது.

இதனாலேயே லக்சபானாவிலோ நுரைச்சோலையிலோ பிறக்கும் மின்சாரம் 132,000 அல்லது 220,000 வோல்ற்றில் நெடுந்தூரம் வருகிறது. பின் 33,000 அல்லது 11,000 வோல்ற்றாகக் குறைக்கப்பட்டு ஊருக்குள் நுழைகிறது. எமது கம்பத்துப் பெட்டி அதனை 400 வோல்ற் மும்முனையாகவும் 230 வோல்ற் ஒருமுனையாகவும் மாற்றித் தருகிறது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த ஓர் அகணி. அதன்மேல் ஒன்றையொன்று தொடாத இரு கம்பிச் சுருள்கள். சுற்றிலும் எண்ணெய். இவ்வளவுதான், சுழலும் பாகம் எதுவும் இல்லை. முதற்சுருளில் மின்னோட்டம் செக்கனுக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஆடுகிறது. அதனால் இரும்பில் காந்தப்புலம் தோன்றி மாறிக்கொண்டே இருக்கிறது. மாறும் அந்தக் காந்தம் இரண்டாவது சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. சுற்றுக்களின் எண்ணிக்கை குறைந்தால் அழுத்தமும் அதே விகிதத்தில் குறையும். கம்பத்தருகே கேட்கும் ரீங்காரம் இந்த இரும்பு அதிர்வதால் எழுவது. பற்றரியின் நேரோட்டம் ஆடுவதில்லை. ஆகவே அது நிலைமாற்றியில் வேலை செய்யாது.

இந்தத் தத்துவத்தை 1831 இல் மைக்கேல் பரடே கண்டறிந்தார். 1885 இல் புடாபெஸ்ற் நகரப் பொறியியலாளர் மூவர் அதனை ஊர்களுக்கு மின்சாரம் வழங்கப் பயன்படும் கருவியாக்கினர்.

மோட்டர் ஏன் கருகுகிறது?

இலங்கையில் வீட்டுக்கு வரவேண்டிய அழுத்தம் 230 வோல்ற். இதில் நூற்றுக்கு 6 கூடலாம் அல்லது குறையலாம். அதாவது 216 முதல் 244 வரை. நிலைமாற்றியைக் கடந்ததும் மின்சாரம் சில்லறையாகிவிடுகிறது. அதன் பின் தூரம் கூடக்கூட வழியிலேயே அழுத்தம் சிந்துகிறது. மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கு எரியும்போது இன்னும் சிந்துகிறது. குறைந்த அழுத்தத்திலும் அதே தண்ணீரைத் தூக்க வேண்டிய மோட்டர் கூடிய அம்பியரை இழுத்துச் சூடேறுகிறது.

ஆகவே மாலையில் இறைப்பதைத் தவிர்ப்போம். கிணற்றுக்குப் போகும் வயரைத் தடிப்பானதாகப் போடுவோம். மாலை அழுத்தம் 216 இற்குக் கீழே போனால், அளந்த நாளையும் நேரத்தையும் குறித்து, அயலவரும் சேர்ந்து மின்சார அலுவலகத்துக்கு எழுதுவோம். தனியொருவரின் முறைப்பாட்டிலும் பத்து வீடுகள் ஒப்பமிட்ட கடிதத்துக்குப் பலன் அதிகம்.

அளப்பதற்கும் ஒரு நிலைமாற்றி

மின்வேலை செய்பவர் கையில் இடுக்கி போன்ற ஒரு மானி இருப்பதைக் கண்டிருப்போம். அதன் வாயும் ஓர் இரும்பு வளையமே. வயரை வெட்டாமல், அதைச் சுற்றிக் கவ்வினால் போதும். வயரில் ஓடும் அம்பியரைக் காட்டும். இரு வயர்களையும் சேர்த்துக் கவ்வினால் போகும் ஓட்டமும் திரும்பும் ஓட்டமும் ஒன்றையொன்று அழித்துப் பூச்சியம் காட்டும். ஒன்றை மட்டுமே கவ்வ வேண்டும். காட்டும் அளவு மோட்டரின் தகட்டில் எழுதியிருப்பதிலும் கூடினால் உடனே நிறுத்துவோம்.

சங்கத்தின் அரிசி ஆலை போன்ற பெரிய இடங்களில் ஓட்டம் நேரடியாக மின்மானிக்குள் போவதில்லை. 200/5 என எழுதிய வளையம் ஒன்று, 200 அம்பியரை 5 அம்பியராகக் குறைத்து மானிக்குக் கொடுக்கிறது. அவ்வாறான மானி குறைந்த ஓட்டத்தையே எண்ணினால், வாசிப்பை 40 ஆல் பெருக்கியே பட்டியல் போடுவார்கள். பெருக்கும் எண் சரியா எனச் சங்கப் பொருளாளர் பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் அந்த வளையத்தின் வயர்களை ஒருபோதும் கழற்றக்கூடாது. ஆலை ஓடும்போது கழன்றால் முனைகளில் ஆளைக் கொல்லும் அழுத்தம் எழும்பும்.

பின்புறமாகவும் மாற்றும்

இதுவே நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. தாளைச் சில்லறையாக்கும் கடைக்காரர் சில்லறையைக் கொடுத்தால் தாளும் தருவார். நிலைமாற்றியும் அப்படியே. மின்வெட்டு நேரத்தில் சிலர் சிறிய மின்பிறப்பாக்கியின் வயரை வீட்டுச் சுவர்த் துளையில் சொருகி முழு வீட்டுக்கும் வெளிச்சம் எடுக்கிறார்கள். அந்த 230 வோல்ற் தெருக் கம்பி வழியே பின்னோக்கிப் போய், கம்பத்துப் பெட்டியில் 11,000 அல்லது 33,000 வோல்ற்றாக உயர்ந்துவிடக்கூடும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளி அதில் அகப்பட்டால் உயிர் தப்புவது அரிது. எமக்கு வெளிச்சம் தர ஏறியவர் அவர். மின்பிறப்பாக்கி வேண்டுமானால் தெரு இணைப்பை முழுதாகத் துண்டிக்கும் மாற்று ஆளியைத் தகுதியானவரைக் கொண்டு பூட்டுவோம். அல்லது தேவையான பொருட்களை மின்பிறப்பாக்கியிலேயே நேராகச் சொருகுவோம்.

எண்ணெயும் செப்புக் கம்பியும்

கைவிடப்பட்ட காணிகளில் பழைய நிலைமாற்றி விழுந்து கிடந்தால் கிட்டப் போகாமல் அறிவிப்போம். பழைய பெட்டிகள் சிலவற்றின் எண்ணெயில் பிசிபி என்னும் நஞ்சு கலந்துள்ளது. அதை ஒழிக்க 2001 இல் ஸ்ரொக்கோம் உடன்படிக்கை உருவானது. 2005 இல் இலங்கையும் அதை ஏற்றது. அந்த எண்ணெயை விளக்குக்கோ காயத்துக்கோ ஒட்டு வேலைக்கோ எடுக்கக்கூடாது.

கம்பத்தின் அடியில் நிலத்துக்குள் இறங்கும் செப்புக் கம்பியைப் பழைய இரும்பு வாங்குபவருக்கு விற்பதும் எமக்கே கேடு. நிலத்தொடுப்பு அறுந்தால் பிழை மின்சாரம் நிலத்துக்குள் இறங்க வழியின்றிப் போகும். அதோடு நடுநிலைக் கம்பியும் கழன்றால் ஒரு வீட்டில் விளக்கு மங்க, அடுத்த வீட்டில் பொருட்கள் கருகும்.

வெறுங்கையோடு திரும்பி வந்து மீண்டும் தொடங்கும் குடும்பத்துக்கு ஒரு மோட்டர் கருகுவது ஒரு போக வெங்காயம் அழிவதற்குச் சமம். அடுத்த சங்கக் கூட்டத்தில் இவற்றைப் பேசுவோம். வாசிக்க இயலாத அயலவருக்கும் எடுத்துச் சொல்வோம்.