மொழி கற்போரின் ஊக்கமும் காலமும்

ஒரு மொழியைக் கற்கத் தொடங்கும் நாளில் மாணாக்கனிடம் காணப்படும் ஊக்கம் ஈராண்டு கழிந்தபின்னும் அவ்வாறே நிலைத்திருப்பதில்லை. சிலரிடத்து அது தேய்கின்றது, சிலரிடத்து வளர்கின்றது, சிலரிடத்து ஓய்ந்து மீண்டுந் தளிர்க்கின்றது. பள்ளியில் வெறுத்த மொழியைத் தொழிலின்பொருட்டுப் பின்னர் விரும்பிக் கற்ற பழைய மாணவர் பலருளர். இம்மாற்றத்தை அளந்தறிவது எங்ஙனம் என்பதே ஆராய்ச்சியாளர்முன் நிற்கும் வினா.

கனடா நாட்டு உளவியலறிஞர்களான றொபேட் கார்ட்னர், வலஸ் லம்பேட் ஆகிய இருவரும், மொன்றியல் நகரில் பிரெஞ்சு பயின்ற ஆங்கிலம் பேசும் மாணவரை ஆராய்ந்து, 1959 ஆம் ஆண்டில் தம் முடிபுகளை வெளியிட்டனர். அம்மொழி பேசும் மக்களோடு கலந்து பழகும் விருப்பம் ஒன்று. தொழில் முதலாய பயன் கருதுதல் மற்றொன்று எனக் கற்போரின் நோக்கங்களை அவர்கள் வகுத்தனர். மொழித்திறனோடு ஊக்கமும் தேர்ச்சிக்குக் காரணமாம் என்பது அவ்வாய்வால் விளங்கிற்று. எனினும், ஒருமுறை வினாவிப் பெற்ற விடை, ஓடும் ஆற்றை ஒரு துறையில் நின்று நோக்கியது போன்றதே.

1998 இல் ஹங்கேரி நாட்டறிஞராகிய சொல்ட்டான் டோர்ன்யெய், இஸ்த்வான் ஒட்டோ என்போர் ஊக்கத்தை மூன்று படிகளாகப் பகுத்தனர். கற்பதெனத் துணிதல் முதற்படி. கற்குங்கால் அம்முயற்சியைக் காத்தல் இரண்டாம் படி. பெற்ற பேற்றைத் திரும்பி நோக்கி, மேற்செல்வதா விடுவதா என எண்ணுதல் மூன்றாம் படி. முதற்படியில் தூண்டுவது எதிர்கால நோக்கம். இரண்டாம் படியில் தாங்குவன ஆசிரியரின் போக்கும், வகுப்பின் சூழலும், பாடத்தின் சுவையுமாம். நிரம்பிய ஆர்வத்தோடு தொடங்கியவன் நடுவே தளர்வதேன் என்பது இதனாற் புலனாகும்.

மாற்றத்தை அறிய இருவழிகள் உள. ஒன்று, அதே மாணவரைப் பல ஆண்டு தொடர்ந்து வினாவுதல். இதில் ஓர் இடர்ப்பாடுண்டு. ஊக்கம் குன்றியோர் வகுப்பை விட்டு நீங்கிவிட, எஞ்சியோரை மட்டும் அளப்பின், ஊக்கம் வளர்ந்ததுபோற் பொய்த்தோற்றம் உண்டாகும். மற்றொன்று, அதே வயதினரான வேறு மாணவரைச் சில ஆண்டுகள் இடையிட்டு வினாவுதல். ஹங்கேரியில் 1993, 1999, 2004 ஆகிய ஆண்டுகளில், 13, 14 வயதுடைய மாணவர் 13,000 பேருக்கு மேற்பட்டோர் இவ்வாறு வினாவப்பட்டனர். 1989 வரை ருஷியமொழி அந்நாட்டிற் கட்டாய பாடமாயிருந்தது. அக்கட்டாயம் நீங்கியபின் நடந்த இவ்வாய்வில், ஆங்கிலம் தன் நிலையைக் காத்துக்கொள்ள, ஜேர்மன் முதலிய மொழிகளின்மீதுள்ள விருப்பம் குறைந்து சென்றமை தெரிந்தது. இவ்வழி சமுதாயத்தின் மாற்றத்தைக் காட்டும். தனி மாணவனின் மாற்றத்தைக் காட்டாது.

நம் பாடசாலைகளில் தமிழ் மாணவர் ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் பயில்கின்றனர். முதலாந் தவணையில் ஒருவனை ஊக்கமற்றவன் எனக் குறித்துவிட்டு, அக்குறிப்பையே ஆண்டிறுதிவரை நம்புதல் தகாது. தவணைதோறும் ஒரே வினாக்களை வினாவி, விடைகளைக் கொப்பியிற் பதிந்து, விலகியோரையும் கணக்கிற் கொள்வோமாயின், எம் வகுப்பறையே ஆராய்ச்சிக் களமாகும். தளர்ந்த மாணவனைக் கைவிடுமுன், அவன் எப்படியில் நிற்கின்றான் என அறிதல் ஆசிரியர் கடனாம்.