மரீ என்னும் இருப்புப்பாதையூர்

ஆஸ்திரேலியாக் கண்டத்தின் தென்பகுதியில், அடிலெய்டு நகருக்கு வடக்கே ஏறக்குறைய 425 மைல் தொலைவில், மரீ என்றொரு சிற்றூர் உளது. அப்பெயர் நம் செவிக்கு மாரி போல் ஒலிப்பினும், மாரிக்கும் அவ்வூருக்கும் உள்ள உறவு மிகச் சிறிதே. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சற்றேறக்குறைய 6 அங்குலந்தான். முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் திரிந்து பாலையாகும் எனப் பயின்ற நாம், என்றும் பாலையாகவே கிடக்கும் நிலத்தில் ஓர் ஊர் எழுந்தது எவ்வாறு என வினவுதல் இயல்பே. அங்கே விளைச்சல் இல்லை. வற்றாத ஆறும் இல்லை. ஒருவர் சுமந்து வந்த பொதியை மற்றொருவர் ஏற்றிச் செல்லும் இடமாயிருந்ததே அவ்வூரின் பிழைப்பு.

அந்நிலம் தொன்றுதொட்டு அரபானா, டியாரி முதலிய பழங்குடியினர் வாழ்ந்தது. 1859-ஆம் ஆண்டில் ஜான் மக்டவல் ஸ்டூவர்ட் என்னும் ஆராய்ச்சிப் பயணி அனுப்பிய குழுவில் ஹெர்காட் என்ற ஜெர்மானியர் அங்கே நீரூற்றுகளைக் கண்டார். அதனால் அவ்விடம் நெடுநாள் ஹெர்காட் ஊற்று என வழங்கிற்று. முதல் உலகப்போரின்போது ஜெர்மானியப் பெயர்களை அரசினர் களைந்தனர். 1918 முதல் மரீ என்பதே நிலைத்தது. ஊற்று செய்த குற்றம் யாதோ, அறியோம்!

போர்ட் அகஸ்டா துறைமுகத்தில் 1878-இல் தொடங்கிய இருப்புப்பாதை, 1884-இல் இவ்வூரை எட்டியது. தண்டவாளங்களின் இடைவெளி 3 அடி 6 அங்குலம். அதற்கு அப்பால் பரந்து கிடந்த ஆட்டுப் பண்ணைகளுக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் மாவும் சர்க்கரையும் தேயிலையும் எவ்வாறு செல்லும்? பண்ணைகளின் கம்பளி மூட்டைகள் புகைவண்டிக்கு எவ்வாறு வரும்? இவ்விரண்டிற்கும் விடை ஒட்டகமே.

தாமஸ் எல்டர் என்னும் வணிகர் 1866-ஆம் ஆண்டையொட்டிக் கராச்சியிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டகங்களையும் அவற்றை நடத்தும் ஆடவர்களையும் வருவித்திருந்தார். பின்னரும் பலர் வந்தனர். ஆப்கானிஸ்தானத்தாரும், அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் பலுசிஸ்தானம், சிந்து, பஞ்சாப் ஆகிய பகுதியினரும் அவருள் இருந்தனர். எனினும் வெள்ளையர் அனைவரையும் ஆப்கானியர் என்றே அழைத்தனர். பெரிய கடா ஒட்டகம் ஒன்று அரை டன் வரை சுமக்கும். குதிரை வீழும் வழியிலும் அது நடக்கும். மரீயில் இம்மக்கள் மண்ணாலும் மரத்தாலும் மசூதி ஒன்று எழுப்பினர். பேரீச்ச மரங்களும் நட்டனர். ஆஸ்திரேலியாவின் மிகப் பழைய மசூதிகளுள் அதுவும் ஒன்று.

ஊருக்கு உயிரளித்த அதே இருப்புப்பாதை ஊரை இரண்டாகவும் பிளந்தது. ஒரு புறம் வெள்ளையர். மறுபுறம் ஒட்டகக்காரரும் பழங்குடியினரும். 1903-ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியர்க்குக் குடியுரிமை பெறும் வழியை அடைத்தது. ஒருவன் கொணர்ந்த மாவை உண்பர். அவனைத் தம் நாட்டான் என ஏற்கார்! இக்கொடுமையைச் சிறிதாகக் கருத நம்மால் இயலவில்லை. ஆயினும் அப்பாதையில் ஓடிய புகைவண்டிக்குக் 'கான்' என்னும் பெயர் வழங்கியது. ஆப்கான் என்பதன் குறுக்கமே அது என்பர். நம் இலக்கணப்படி முதற்குறை.

மோட்டார் லாரி வந்ததும் ஒட்டகத்தின் தொழில் குன்றியது. 1925-இல் தென் ஆஸ்திரேலியாவில் இயற்றப்பட்ட ஒட்டக அழிப்புச் சட்டம், உடையவர் அடையாளமின்றித் திரியும் ஒட்டகங்களைக் கொல்ல இடந்தந்தது. தம்மை நெடுங்காலம் சுமந்த விலங்கைச் சுட மனமின்றிப் பலர் காட்டில் அவிழ்த்துவிட்டனர். இன்று அக்கண்டத்தில் திரியும் காட்டொட்டகங்கள் அவற்றின் வழிவந்தவையே.

பொதி மாறும் தொழில்மட்டும் மரீயை விட்டு அகலவில்லை. டாம் என அழைக்கப்பட்ட எஸ்மண்ட் ஜெரால்டு குரூஸ் என்பார் 1936 முதல் அங்கிருந்து பேர்ட்ஸ்வில் வரை ஏறக்குறைய 320 மைல், மணல்மேடுகளைக் கடந்து லாரியில் தபால் கொண்டு சென்றார். அவரைக் காட்டும் ஜான் ஹேயரின் திரைப்படம் 1954-இல் வெனிஸ் விழாவில் தலைமைப் பரிசு பெற்றது. பின்னர் 1957-இல் 4 அடி 8½ அங்குல அகலமுடைய புதிய பாதை மரீயில் வந்து முடிந்தது. அதற்கு வடக்கே பழைய குறும்பாதையே நீடித்தமையின், பயணிகளும் பண்டங்களும் அங்கே வண்டி மாற வேண்டியதாயிற்று. பொறியியலார்க்கு அது பெருந்தொல்லை. மரீயின் கூலியாட்களுக்கோ அதுவே சோறு.

அத்தொல்லையும் 1980-இல் தீர்ந்தது. மேற்கே வெகு தொலைவில், டார்கூலாவிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குப் புதிய பாதை திறக்கப்பட்டது. மரீக்கு வடக்கே சென்ற பழம்பாதை மூடப்பட்டது. சில ஆண்டுகளில் தெற்கிலிருந்து வந்த பாதையும் ஓய்ந்தது. இன்று ஊரில் நூற்றுக்கும் குறைவானோரே வாழ்கின்றனர். 1883-இல் கட்டிய இரண்டடுக்கு விடுதி இன்றும் நிற்கிறது; பழைய நிலையத்தருகே, எங்கும் செல்லாத தண்டவாளத்துண்டுகளின்மேல் டீசல் இஞ்சின்கள் துருவேறி நிற்கின்றன. மசூதியை ஒத்த சிறு கூடம் ஒன்றையும் ஊரார் அமைத்துள்ளனர். ஆண்டிற்கொருமுறை அங்கே ஒட்டகப் பந்தயம் நடைபெறுகிறது.