கதவு திறக்கவும் 'லைன் கிளியர்' வேண்டும்!

வண்டி சிக்னலில் நின்றால் அலுத்துக்கொள்ளாத பயணி உண்டா? முன்னால் பாதை காலி என்ற உறுதி வரவில்லை, அதனால் நிற்கிறது. ரயில்வே குமாஸ்தாவான நான் பலமுறை சொல்லியிருக்கும் இந்தப் பதிலை, அண்மையில் அண்ணன் மகனுக்கும் சொல்ல நேர்ந்தது. அவன் ஆடிக்கொண்டிருந்ததோ கம்ப்யூட்டர் விளையாட்டு!

அதன் பெயர் 'ஸ்பேஸ் இன்ஜினியர்ஸ்'. செக் நாட்டுத் தலைநகர் பிராகில் உள்ள கீன் சாப்ட்வேர் ஹவுஸ் 2013-ல் முதலில் வெளியிட்டது. 2019-ல் முழு வடிவம் பெற்றது. இதில் விண்கலத்தை நாமே கட்ட வேண்டும். கலத்துக்குள் காற்று, வெளியே வெற்றிடம். போய்வருவதற்கு இரு கதவுகள் கொண்ட சிற்றறை, அதாவது ஏர்லாக். உள்கதவை மூடி, அறையின் காற்றை உறிஞ்சிய பிறகே வெளிக்கதவைத் திறக்க வேண்டும். இரண்டும் ஒருசேரத் திறந்தால் கலத்தின் காற்று முழுவதும் போய்விடும். தலைக்கவசம் அணியாதவன் பிழைக்க மாட்டான்.

இந்தக் கதவுகள் தாமாகவே இயங்கப் பையன் 'டைமர்' பொருத்தியிருந்தான். உள்கதவு மூடும், உறிஞ்சல் தொடங்கும், பத்து வினாடியில் வெளிக்கதவு திறக்கும். சில நாள் ஒழுங்காக நடந்தது. ஒருநாள் பிராணவாயுத் தொட்டி நிரம்பியிருந்தது. உறிஞ்சிய காற்று போக இடமில்லை, அறை காலியாகவில்லை. டைமருக்கு அது எப்படித் தெரியும்? பத்து வினாடி ஆனதும் கதவைத் திறந்துவிட்டது. அறையில் இருந்த காற்று வீண்!

ரயில்வே இதே பாடத்தை உயிர்களைக் கொடுத்துக் கற்றது. அந்நாளில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் பல பாதைகளில், ஒரு வண்டி போய் இத்தனை நிமிஷம் ஆனால் அடுத்ததை விடுவார்கள். 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தில் ஆர்மா அருகே ஓர் உல்லாசப் பயண ரயில் ஏற்றத்தில் நின்றுவிட்டது. பின்பகுதியைக் கழற்றினார்கள். அது பின்னோக்கி உருண்டு, நேரக் கணக்குப்படி விடப்பட்ட அடுத்த வண்டியில் மோதியது. சுமார் 80 பேர் மாண்டனர், பலர் குழந்தைகள். பயணி வண்டிகளுக்கு 'பிளாக்' முறையும் இன்டர்லாக்கிங்கும் அதே ஆண்டு சட்டமாயின.

கதையைக் கேட்ட பையன் அமைப்பை மாற்றினான். அறை காலியானதை 'ஏர் வென்ட்' கருவி அறிவித்த பிறகே வெளிக்கதவுக்கு மின்சாரம் போகும். அதுவரை யார் பொத்தானை அழுத்தினாலும் அது அசையாது. வெளிக்கதவு திறந்திருக்கையில் உள்கதவுக்கும் அப்படியே. ஏர்லாக்குக்கென்று தனித் தொட்டியும் வைத்துவிட்டான்.

கடிகாரம் மணி சொல்லும். பாதை காலியா என்று சொல்லாது. அடுத்த முறை வண்டி சிக்னலில் நின்றால், கொஞ்சம் பொறுங்கள் ஐயா!