மனச்சோர்விலிருந்து மீள்கிறவர் வேலை தேடும் காலம்

வேலை கிடைத்தால் சரியாகிவிடுமா?

மனச்சோர்வு என்னும் நோய்க்குப் பல மாதங்கள் சிகிச்சை பெற்று, உறக்கமும் பசியும் ஒருவாறு திரும்பி, வாசலில் நாலு பேர் முகத்தில் விழிப்பதற்குக் கூசாத நிலைக்கு வந்துவிட்ட ஒருவரைப் பார்த்து வீட்டிலுள்ள பெரியவர்கள் முதலில் சொல்லும் வார்த்தை, "ஏதாவது ஒரு வேலையில் போய் உட்கார், எல்லாம் தானாகச் சரியாகிவிடும்" என்பது. அதே கூடத்தில் இன்னொருவர், பெரும்பாலும் தாயார், "முழுக்கக் குணமாகட்டும், இப்போது என்ன குடியா முழுகிப்போகிறது?" என்பார். இரண்டும் அன்பினால் சொல்லப்படுபவையே. ஆயினும் முன்னவர் உத்தியோகத்தை மருந்தென்று எண்ணுகிறார். பின்னவர் அதை நோய் தீர்ந்தபின் கிடைக்கவேண்டிய பரிசென்று எண்ணுகிறார். என் அபிப்பிராயத்தில் வேலையென்பது, காய்ச்சலிலிருந்து எழுந்தவனுக்கு முதலில் கஞ்சி, அப்புறம் ரசஞ்சாதம் என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் ஆகாரத்தைப் போல, குணமாகிவரும்போதே அளவறிந்து சேர்க்கவேண்டிய ஒன்று.

மாரியந்தால் என்ற ஊர்

ஆஸ்திரியா தேசத்தில் வியன்னா நகரத்துக்குச் சற்றுத் தொலைவில் உள்ள மாரியந்தால் என்ற சிற்றூரில், ஊர் முழுவதற்கும் ஜீவாதாரமாயிருந்த நெசவாலை 1930-ஐ ஒட்டி மூடப்பட்டது. மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அடங்கிய ஆராய்ச்சிக் குழு அங்கே சென்று, வேலையிழந்த ஜனங்களின் அன்றாட வாழ்க்கையைக் கூர்ந்து கவனித்து, 1933-இல் அதை நூலாக வெளியிட்டது. பொழுது மிஞ்சிக் கிடந்தால் ஜனங்கள் அதிகம் படிப்பார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? அவ்வூர் நூல்நிலையத்திலோ, எடுத்துச் செல்லப்பட்ட புத்தகங்களின் தொகை குறைந்துபோயிற்று. தெருவில் ஆண்களின் நடை தளர்ந்து, அவர்கள் அடிக்கொருதரம் நின்று நின்று போனார்கள். பலர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். கூலியைத் தவிர, பொழுதுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதப் பழக்கம், பலரோடு சேர்ந்த ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் அந்தஸ்து, இடைவிடாத செயல் ஆகியவற்றையும் வேலை தருகிறதென்று யஹோடா பிற்காலத்தில் எழுதியது இந்த அனுபவத்தின் தொடர்ச்சிதான். மனச்சோர்வு ஒருவரிடமிருந்து பறித்துக்கொள்பவையும் ஏறக்குறைய இவையே.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் ஏதாவது ஒரு வேலை" என்ற கட்சியில் சேர்ந்துவிடக் கூடாது. வேலையற்றிருப்பதைக் காட்டிலும், மட்டுமீறிய நெருக்கடியும் தன்னிஷ்டப்படி எதையும் செய்யமுடியாத நிர்ப்பந்தமும் நாளைக்கு இருக்குமோ இராதோ என்ற நிச்சயமின்மையும் நிறைந்த வேலை மனத்துக்கு அதிகக் கேடு செய்யக்கூடும் என்று ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியிருக்கிறது.

தேறிய பின்னும் பின்தங்குபவை

துக்கமும் அழுகையும் நீங்கிவிட்டால் நோய் போய்விட்டதென்று சுற்றத்தார் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் மனம் ஒன்றுதல், ஞாபகம், ஒரு காரியத்தை இப்படிச் செய்வதா அப்படிச் செய்வதா என்று தீர்மானிக்கும் சக்தி ஆகிய மூன்றும் பலருக்கு அதற்கும் பிந்தியே திரும்புகின்றன. விடியற்காலையில் பாரம் அதிகமாயிருந்து மாலையில் இலேசாவதும் இந்நோயின் சுபாவங்களில் ஒன்று. இந்த விவரம் தெரியாதவர் ஒரு விண்ணப்பப் படிவத்தை மூன்றுமுறை படித்தும் மனத்தில் ஏறாமற்போகவே, தமக்கு மூளையே கெட்டுவிட்டதென்று பயந்து, வேலை தேடுவதையே நிறுத்திவிடுகிறார்.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், பி.காம். படித்தவர், மதுரையில் தம் தாய்மாமனுடைய அரிசி மண்டியில் பிற்பகல் இரண்டு மணிமுதல் ஐந்து மணிவரை மட்டும் பில்களைக் கணக்கில் ஏற்றும் வேலையை ஏற்றுக்கொண்டார். காலை வேளையை வேண்டுமென்றே விட்டுவிட்டார். ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகையை மூன்றுதரம் சரிபார்த்து, மூன்றும் ஒன்றாக வந்த பிறகும், விரலால் வரிவரியாகத் தொட்டுக்கொண்டு நாலாவது தரமும் பார்ப்பார். மாமா அதைக் கவனித்தும் ஒரு வார்த்தை பேசமாட்டார். டீ ஆறிப்போகிறது என்று மட்டும் சொல்லுவார். சில மாதங்களில் நாலாவது தரமும் மூன்றாவது தரமும் தாமாகவே நின்றன. அதற்குப் பிறகே அவர் ஆடிட்டர் அலுவலகங்களுக்கு விண்ணப்பம் போடத் தொடங்கினார். இப்படிப்பட்ட மாமா எல்லாருக்கும் வாய்ப்பதில்லை என்பது எனக்குத் தெரியாமலில்லை. பேசாமலிருக்கத் தெரிந்த உறவினர் அபூர்வம். மண்டி இல்லாதவர்களுக்கு ஒரு பகுதிநேர வகுப்போ, அண்டைவீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தருவதோ அந்த ஸ்தானத்தில் உதவும்.

உற்சாகம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருப்பது இந்நோயில் பயன்படுவதில்லை. செயல் முன்னே போனால் உற்சாகம் பின்னே வருமென்பதை ஆதாரமாகக் கொண்ட சிகிச்சை முறையே உண்டு. ஆகையால் "இம்மாதம் வேலை கிடைக்கவேண்டும்" என்று சங்கற்பம் செய்துகொள்வதைவிட, "இவ்வாரம் இரண்டு விண்ணப்பங்கள்" என்று வைத்துக்கொள்வது நலம். முன்னது பிறர் கையிலும் பின்னது நம் கையிலும் இருக்கிறது. பதிலே வராத விண்ணப்பங்கள்தாம் அதிகமாயிருக்கும். அதைத் தம் தகுதிக்குக் கிடைத்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நோயின் எச்சம் என்று தெரிந்திருந்தால், அதன் கடுமை சற்றுக் குறையும்.

"இடையில் என்ன செய்தீர்கள்?"

இன்டர்வியூவில் இந்தக் கேள்வி வந்தே தீரும். நோயின் பெயரையும் மாத்திரையின் பெயரையும் விஸ்தாரமாகச் சொல்லவேண்டிய கடமை பொதுவாக இல்லை. பொய் அனுபவச் சான்றிதழ் தயாரிப்பதோ, நிறுவனங்கள் பழைய விவரங்களை விசாரித்துப் பார்க்கும் இக்காலத்தில், மிகுந்த அபாயம். "உடல்நலக் காரணத்தால் விடுப்பில் இருந்தேன், சிகிச்சை பெற்றுக் குணமாகி இப்போது வேலைக்குத் தயாராக இருக்கிறேன், சென்ற சில மாதங்களாக இன்ன காரியம் செய்துவருகிறேன்" என்று மூன்று வாக்கியங்களைக் கண்ணாடி முன்போ ஒரு சிநேகிதர் முன்போ சொல்லிப் பழகிக்கொண்டால் போதும். மாதமொருமுறை மருத்துவரைப் பார்க்க அரைநாள் தேவையென்றால், அதை உத்தியோக உத்தரவு கைக்கு வந்தபின் கேட்பதே புத்திசாலித்தனம். ஆனால் உடல்நிலையைப் பற்றி எழுத்துமூலமாக நேரடியாகக் கேட்டிருந்தால், பொய்யாக எழுதிக் கையெழுத்திட வேண்டாம்.

சட்டம் எதுவரை துணைவரும்

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சில விலக்குகள் நீங்கலாக, நோயாளியின் சம்மதமின்றி மருத்துவர் அவருடைய விவரங்களை வெளியிடக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அரசு வேலைகளில் உள்ள நாலு சதவீத ஒதுக்கீட்டில் மனநோய் உள்ளவர்களுக்கும் பங்குண்டு. ஆயினும் அதற்கு நாற்பது சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பென்ற சான்றிதழ் வேண்டுமாதலால், தேறிவரும் சாதாரண மனச்சோர்வு நோயாளிகள் பலருக்கு அது எட்டாது. அரசுப் பணியில் இருக்கும்போதே இத்தகைய குறைபாட்டுக்கு ஆளானவரை வேலையினின்று நீக்கவோ பதவி இறக்கவோ கூடாதென்றும் அச்சட்டம் கூறுகிறது.

வேலையில் சேர்ந்த பிறகு

முதல் சம்பளம் வாங்கியவுடன் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் அநேகர். நலமடைந்த பின்னும் ஆறு மாதமேனும் மருந்தைத் தொடரச் சொல்வது வைத்திய வழக்கம். முன்பே இருமுறை மும்முறை நோய் வந்தவர்களுக்கு இன்னும் நீண்ட காலம். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் உறக்கக்கேடும் எரிச்சலும் உண்டாகக்கூடும். நிறுத்துவதாயின் மருத்துவர் சொல்படி சிறிது சிறிதாகவே நிறுத்தவேண்டும். உறக்கம் குலைந்தால் நோய் திரும்ப வழி ஏற்படுமாதலால், நைட் ஷிப்ட் உள்ள வேலையை ஒப்புக்கொள்ளுமுன் மருத்துவரைக் கலந்தாலோசிக்கவேண்டும். தூக்கம் தரும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இயந்திரத்திலும் வண்டியிலும் எச்சரிக்கையாயிருப்பது அவசியம்.

விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து மறுபடி உறக்கம் வராதிருத்தல், சாப்பாடு ருசிக்காதிருத்தல், நாளும் பார்த்த வேலை மலையாகத் தோன்றுதல் ஆகியவை இரண்டு வாரம் நீடித்தால் அடுத்த தேதிவரை காத்திராமல் மருத்துவரிடம் போகவேண்டும். வாழ்வதே வீண் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே போகவேண்டும். இரவானாலும் பகலானாலும் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். வீட்டில் இன்னொருவரிடமும் அந்த எண்ணை எழுதிக் கொடுத்து வைத்திருப்பது நல்லது.