கூடத்தில் கணினி, கட்டிலில் நோயாளி

முதுகுத்தண்டுக் காயம், பக்கவாதம், நரம்புத் தளர்ச்சி நோய்கள் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புவோர் மறுபரிசோதனைக்கு வரும்போது எங்களிடம் கேட்பவை எல்லாம் மருந்தைப் பற்றியவை அல்ல. வீட்டுக் கணினியைப் பற்றியும் பலர் கேட்கின்றனர். கணினி கூடத்தில் இருக்கிறது. கட்டில் உள்ளறையில் இருக்கிறது. இடைவெளி பதினைந்தடிதான் என்றாலும், எழுந்து நடக்க இயலாதவருக்கு அது பெருந்தொலைவு. வங்கிக் கணக்கைப் பார்ப்பதற்கும், அலுவலகக் கடிதம் அனுப்புவதற்கும், வரிக் கணக்கைச் சரிபார்ப்பதற்கும் மகனையோ மருமகளையோ கூப்பிட வேண்டியிருக்கிறது. நாளடைவில் கடவுச்சொல் அவர்களிடம் போய்விடுகிறது. அதன் பின்னே முடிவுகளும் போய்விடுகின்றன. நோயாளி தம் காரியங்களுக்குத் தாமே பார்வையாளர் ஆகிறார்.

கூடத்துக் கணினியைக் கட்டிலில் இருந்தவாறே கைப்பேசி வழியாக இயக்குவது இன்று எளிது. பெரும்பாலும் செலவும் இல்லை. அதை எவ்வாறு அமைப்பது, எங்கே கவனம் வேண்டும் என்பதை இங்கு விளக்குகிறோம்.

யாருக்குத் தேவை?

முதலில் யாருக்குத் தேவையில்லை என்பதைச் சொல்லிவிடுகிறோம். இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவரை, உடல்நிலை இடம் தந்தால் மறுநாளே எழுந்து நிற்கச் செய்கிறோம். படுத்தே இருந்தால் தசை வலுவிழக்கும். காலில் இரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். அத்தகையவர் வாக்கரைப் பிடித்துக் கூடத்துக்கு நடந்து சென்று கணினிமுன் அமர்வதே நல்ல உடற்பயிற்சி. நடக்க முடிகிறவரைக் கட்டிலோடு இருத்தும் எந்த வசதியையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சக்கர நாற்காலியில் செல்ல முடிகிறவருக்கும் இது பொருந்தும். கட்டிலைவிட்டு எழ முடியாதவர்க்கும், நாளில் சில மணி நேரமே உட்கார முடிகிறவர்க்கும் உரியது இந்த ஏற்பாடு.

எவ்வாறு இயங்குகிறது?

கணினியின் வேலை முழுவதும் கூடத்திலேயே நடக்கிறது. கைப்பேசி இரண்டு காரியங்களை மட்டும் செய்கிறது. கணினித் திரையின் படத்தை வாங்கிக் காட்டுகிறது. நாம் தொடுவதையும் எழுதுவதையும் சுட்டி அசைவாகவும் விசை அழுத்தமாகவும் மாற்றி அனுப்புகிறது. கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே பழைய கைப்பேசியோ டேப்லெட்டோ போதும். திரை பெரிதாக இருந்தால் கண்ணுக்கு நல்லது.

வீடுகளில் இரண்டு வழிகள் பொருந்தும். ஒன்று, குரோம் ரிமோட் டெஸ்க்டாப். இது இலவசம். கணினியில் இதை நிறுவி, கூகுள் கணக்கில் நுழைந்து, குறைந்தது ஆறு இலக்கம் கொண்ட பின் எண் ஒன்றை அமைக்க வேண்டும். கைப்பேசியிலும் அதே கணக்கில் நுழைந்தால் கணினியின் பெயர் தெரியும். பின் எண்ணைத் தந்தால் திரை திறக்கும். மற்றொன்று, விண்டோஸில் உள்ளடங்கிய ரிமோட் டெஸ்க்டாப். இவ்வாறு இயக்கப்படும் கணினியில் விண்டோஸ் புரோ பதிப்பு இருக்க வேண்டும்; பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் உள்ள ஹோம் பதிப்பு இதற்கு இடம் தராது.

இரண்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. குரோம் வழியில், நீங்கள் கட்டிலில் செய்வதெல்லாம் கூடத்துத் திரையிலும் தெரியும். வங்கிக் கணக்கைத் திறக்கும்போது அங்கிருப்போர் பார்க்க முடியும்; மானிட்டரை அணைத்துவிடச் சொன்னால் போதும். விண்டோஸ் வழியில், நீங்கள் இணைந்திருக்கும்வரை கூடத்துத் திரை பூட்டியே இருக்கும்.

உறக்கமும் மின்தடையும்

இணைப்பு கிடைக்காமற் போவதற்குப் பெரும்பாலும் காரணம் கணினி உறக்கநிலைக்குச் சென்றுவிடுவதுதான். மின் அமைப்புகளில் திரை அணையலாம், கணினி உறங்கக் கூடாது என்று மாற்றிவையுங்கள். மடிக்கணினியானால் மூடியை மூடினாலும் உறங்காதபடி அமைக்க வேண்டும்; இல்லையேல் மேசையைத் துடைப்பவர் மூடியதோடு இணைப்பு அறுந்துவிடும். மின்சாரம் போய் வந்தபின் தானே இயங்கத் தொடங்கும் வசதி பல மேசைக் கணினிகளில் உண்டு. கணினி பழுதுபார்ப்பவரிடம் சொன்னால் அமைத்துத் தருவார்.

வைஃபை ரௌட்டரை இன்வெர்ட்டர் இணைப்பில் வையுங்கள். அப்படி வைத்தாலும், இந்த ஏற்பாட்டை ஆபத்துக்கால அழைப்பாக நம்பிவிடக் கூடாது. மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் வீட்டாரை அழைக்க ஓர் அழைப்பு மணி கைக்கு எட்டும் இடத்தில் தனியாக இருக்க வேண்டும்.

கைக்கு ஏற்ற கருவி

கழுத்தெலும்புப் பகுதியில் தண்டுவடக் காயமுற்றோர் சிலருக்கு விரல்கள் அசையாவிட்டாலும் மணிக்கட்டை நிமிர்த்த முடியும். அவர்கள் விரல் மூட்டாலோ, கையில் பட்டையிட்டுப் பொருத்திய தொடுபேனாவாலோ திரையை இயக்கலாம். சாதாரணப் பேனா முனையைக் கைப்பேசித் திரை உணராது. தொடுதிரைக்கென விற்கும் பேனாவே வேண்டும். கையே அசையாதோர்க்குக் குரல் உண்டு. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் குரலால் இயக்கும் வசதி இருக்கிறது. அது திரையை எண்ணிட்ட கட்டங்களாகப் பிரித்துக் காட்டும். எண்ணைச் சொன்னால் அந்த இடம் தொடப்படும். பேச்சும் குன்றியவர்க்கு ஒற்றைப் பொத்தானால் இயக்கும் முறையும் உள்ளது. தலை அசைவு ஒன்றே எஞ்சியிருந்தாலும் அந்தப் பொத்தானை அழுத்த முடியும்.

கணினியின் எழுத்தளவை 150 விழுக்காட்டுக்கு உயர்த்திவிட்டுக் கைப்பேசியைக் கிடைமட்டமாக வைத்தால் படிக்க எளிதாகும்.

உடலுக்குக் கவனம்

திரையில் மூழ்கும்போது நேரம் போவது தெரியாது. உணர்ச்சி இழந்த உடலும் வலியால் எச்சரிக்காது. படுக்கைப் புண் உண்டாவது இப்படித்தான். கட்டிலின் தலைப்பக்கத்தை 30 பாகைக்கு மேல் நெடுநேரம் உயர்த்தி வைத்தால் உடல் கீழ்நோக்கிச் சரியும்; வால் எலும்புப் பகுதித் தோல் இழுபட்டுக் கிழியும். ஆகவே கைப்பேசியை வளையும் தண்டுகொண்ட தாங்கியில் கட்டிலோடு பொருத்துங்கள். திரைக்காக உடலை வளைக்காமல், உடல் கிடக்கும் பக்கம் திரையைத் திருப்புங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க அந்தக் கைப்பேசியிலேயே அலாரம் வைத்துக்கொள்ளலாம். உங்களுக்குக் குறைந்த இடைவெளி சொல்லப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் கைப்பேசியை மார்பின்மீது வைத்துக்கொண்டு இயக்கலாகாது. கருவிக்கும் கைப்பேசிக்கும் இடையே குறைந்தது 15 சென்டிமீட்டர் இருக்கட்டும்.

சாவி யாரிடம்?

கணினியைத் தொலைவிலிருந்து திறக்கும் இந்தச் சாவி நல்லவர் கையில் உதவி. தீயவர் கையில் கொள்ளை. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, இத்தகைய செயலி ஒன்றை நிறுவச் செய்து, திரையில் தோன்றும் எண்ணைக் கேட்டு வாங்கிப் பணத்தை எடுத்துவிடும் மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019-இலேயே எச்சரித்தது. வீட்டில் தனித்துப் படுத்திருப்போர் இத்தகைய அழைப்புகளுக்கு எளிதில் இரையாகலாம். யார் கேட்டாலும் அந்த எண்ணையோ, பின் எண்ணையோ, ஓ.டி.பி.யையோ சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் தயங்காமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள். அடுத்த அறையிலிருந்து இயக்குவதற்கு ரௌட்டரில் வெளியிலிருந்து வரும் வழி எதையும் திறந்துவிட வேண்டியதில்லை. அமைப்பவர் அப்படிச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். இதை நிறுவும்போது நோயாளியின் கணக்கையே பயன்படுத்துங்கள். பின் எண்ணை அவரே தேர்ந்தெடுக்கட்டும். அவர் விரும்பினால் மட்டும் மற்றொருவருக்குச் சொல்லட்டும். கைக்கெட்டாத பொருள் ஒன்றை அவர் கைக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம். உங்கள் வசதிக்காகப் பின் எண்ணை நீங்களே வைத்துக்கொண்டால், செயலி இயங்கும், நோக்கம் கெட்டுவிடும். நினைவுத் தடுமாற்றம் உள்ளவர்க்கு மட்டும் இதில் விதிவிலக்கு உண்டு. அவர்களுக்கு எதைத் திறந்துவைப்பது, எதைப் பூட்டுவது என்பதை எங்களுடன் கலந்து முடிவு செய்யுங்கள்.

முதல் வாரத்தில் ஒரு கடிதத்தைத் திறந்து படிப்பதும், ஒரு வரி பதில் எழுதுவதும் போதும். அதற்கு அரை மணி நேரம் ஆனாலும் அவரே செய்யட்டும். அருகில் நிற்பவர் பறித்துச் செய்துவிட வேண்டாம். அடுத்த முறை மறுபரிசோதனைக்கு வரும்போது அவர் பயன்படுத்தும் கைப்பேசியையும் கொண்டுவாருங்கள். தாங்கியின் உயரம், தொடுபேனா, பொத்தான் ஆகியவற்றை ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்வழிச் சிகிச்சைப் பிரிவில் அவர் கைக்கு ஏற்பச் சரிசெய்து தருகிறோம்.